33 மணி நேரக் கோழிக்கரு

கல்லூரியில் விலங்கியல் படிப்பவர்களுக்கு அந்த மரப்பெட்டி நன்கு பழக்கமானது. அதற்குள் கண்ணாடி ஸ்லைடுகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒட்டிய சிறு சீட்டில் ‘கோழிக்கரு, 24 மணி’, ‘33 மணி’, ‘48 மணி’, ‘72 மணி’ என்று எழுதியிருக்கும். நீங்கள் 33 மணி ஸ்லைடை எடுத்து நுண்ணோக்கியின் கீழ் வைக்கிறீர்கள். சிவப்புச் சாயம் ஏற்றிய, சில மில்லிமீட்டர் நீளமே உள்ள ஓர் உருவம் தெரிகிறது. அதை ரெக்கார்டு நோட்டில் பென்சிலால் வரைகிறீர்கள். முன்மூளை, கண் குமிழ், இதயம், சோமைட்டுகள், நரம்புக் குழல் என்று பாகங்களைக் குறிக்கிறீர்கள். ஆசிரியர் கையொப்பம் இடுகிறார். தேர்வில் இதே ஸ்லைடை ‘ஸ்பாட்டர்’ ஆக வைத்தால் இரண்டு நிமிடத்தில் எழுதிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விடலாம்.

ஆனால் யாராவது உங்களை நிறுத்தி, “இந்த நரம்புக் குழல் நடுக்கோட்டில் மட்டும் உண்டாவானேன்? அரை மில்லிமீட்டர் தள்ளி உள்ள செல்கள் ஏன் மூளையாகாமல் தோலாகப் போகின்றன?” என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? நீங்கள் குறித்த பெயர்களில் எதுவும் இதற்கு விடை ஆகாது. கருவியல் பாடத்தில் நல்ல மாணவர்களும் திகைத்து நிற்கும் இடம் இதுதான். பெயர்கள் எல்லாம் தெரியும். நடந்தது என்ன என்பது தெரியாது. ஆகவே அந்த ஒரே ஸ்லைடை எடுத்துக்கொண்டு, அதைப் பார்த்தே அறியக்கூடியது எவ்வளவு, எத்தனை முறை பார்த்தாலும் அறிய முடியாதது எது என்று பிரித்துக் காண்போம்.

கரு எங்கே இருக்கிறது?

நம் பேச்சு வழக்கே இங்கு நம்மைச் சற்று ஏமாற்றிவிடுகிறது. மஞ்சட்கரு, வெள்ளைக்கரு என்கிறோம். இரண்டுமே கரு அல்ல. மஞ்சள் பகுதி, வளரப்போகும் குஞ்சுக்குத் தாய் கட்டிக்கொடுத்த சோறு. வெள்ளைப் பகுதி நீரும் புரதமும் கலந்த பாதுகாப்பு மெத்தை. உண்மையான கருவோ மஞ்சளின் மேற்பரப்பில் மூன்று நான்கு மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு வெண்ணிறப் புள்ளி. அடுத்த முறை வீட்டில் முட்டை உடைக்கும்போது உற்றுப் பாருங்கள். ஆனால் கடையில் வாங்கும் பண்ணை முட்டையில் தெரியும் புள்ளி கருவுற்றதன்று. சேவலின் சேர்க்கையே இல்லாமல் இட்ட முட்டை அது. எத்தனை நாள் அடைவைத்தாலும் கூமுட்டைதான்.

நாட்டுக்கோழி வளர்ப்பவர்கள் அறிந்த செய்தி ஒன்று உண்டு. பத்துப் பன்னிரண்டு நாட்களில் ஒவ்வொன்றாக இட்ட முட்டைகளைச் சேர்த்து வைத்து, ஒரே நாளில் அடைவைப்பார்கள். குஞ்சுகள் அனைத்தும் ஏறத்தாழ ஒரே சமயத்தில், 21 ஆம் நாளை ஒட்டி வெளிவருகின்றன. முதலில் இட்ட முட்டைக்குப் பத்து நாள் மூப்பு இருந்ததே, அது என்னவாயிற்று?

கருவுற்ற பின் முட்டை ஏறத்தாழ ஒரு நாள் கோழியின் உடலுக்குள்ளேயே இருக்கிறது. அந்த ஒரு நாளில், ஒரே செல்லாக இருந்தது திரும்பத் திரும்பப் பிளந்து பல்லாயிரம் செல்களாகிவிடுகிறது. முட்டை வெளியே வந்து குளிர்ந்ததும் வளர்ச்சி நின்றுவிடுகிறது. அடைக்கோழியின் சூடோ, அடைகாப்பானின் 37.5 முதல் 38 பாகை செல்சியஸ் வெப்பமோ கிடைக்கும்போது, விட்ட இடத்திலிருந்து மீண்டும் தொடங்குகிறது. (நம் ஊர்க் கோடையில் வீட்டின் வெப்பமே அரைகுறையாக வளர்ச்சியைத் தொடங்கிவைத்து, கரு மடிந்துபோவதும் உண்டு. கோடை முட்டையை நெடுநாள் வைத்திருந்து அடைவைத்தால் குஞ்சு குறைவதற்கு இது ஒரு காரணம்.)

ஆக, சீட்டில் எழுதியுள்ள 33 மணி என்பது கருவின் வயதன்று. அது அடைகாத்த நேரம். முட்டை பிளவுபடுவதைக் காட்ட ஆசிரியர்கள் தவளை முட்டைக்குப் போவதும் இதனாலேயே. கோழியில் அந்தக் காட்சி தாயின் உடலுக்குள்ளேயே நடந்து முடிந்துவிடுகிறது. பாடநூலில் தவளையும் கோழியும் மாறி மாறி வருவதைக் கண்டு குழம்பும் மாணவர்கள் இதை அறிந்தால் பாதிக் குழப்பம் நீங்கும்.

ஒரே ஸ்லைடில் பல காலங்கள்

அடைவைத்த சில மணி நேரத்தில், தட்டையான அந்தச் செல் தகட்டின் பின்பகுதியில் ஒரு கோடு தோன்றி முன்னோக்கி நீளுகிறது. ஏறத்தாழ 18 மணியில் அது முழு நீளம் பெறுகிறது. ‘பிரிமிட்டிவ் ஸ்ட்ரீக்’ எனப்படும் இதை முதற்கோடு என்போம். பெயரைக் கேட்டு இதை ஓர் உறுப்பு என்று எண்ணிவிடக்கூடாது. இது ஒரு வாசல். தகட்டின் மேலடுக்கிலுள்ள செல்கள் கூட்டம் கூட்டமாக இந்தக் கோட்டை நோக்கி வந்து, அதன் வழியே உள்ளே இறங்கி, கீழே பக்கவாட்டில் பரவுகின்றன. இறங்கியவற்றுள் சில அகப்படையாகிக் குடலின் உட்பூச்சைத் தருகின்றன. சில நடுப்படையாகித் தசை, எலும்பு, இதயம், இரத்தம் ஆகியவற்றைத் தருகின்றன. இறங்காமல் மேலே தங்கியவை புறப்படை. அவற்றிலிருந்து தோலும் நரம்பு மண்டலமும் வரும். பாடநூலில் மூன்று நிறங்களில் அச்சிட்ட மூன்று படைகளைப் பார்க்கும்போது, அவை வெறும் அடுக்குகள் அல்ல, செல்கள் நடந்துபோய்ச் சேர்ந்த இடங்கள் என்பது நினைவிருக்க வேண்டும்.

முதற்கோட்டின் முன்நுனியில் ஒரு சிறு தடிப்பு உண்டு. ‘ஹென்சன் கணு’ என்று பெயர். இதனிடம் பிறகு வருவோம்.

முழு நீளம் பெற்ற பின் இந்தக் கணு பின்னோக்கி நகரத் தொடங்குகிறது. நகர நகர, அது விட்டுச்செல்லும் தடத்தில் முதுகுநாண் உருவாகிறது. அதற்கு மேலே நரம்புத் தட்டு மடிந்து குழலாகிறது. இரு பக்கமும் சோமைட்டுகள் பிரிகின்றன. வாசலில் கோலமிடும் பெண் பின்னுக்கு நகர்ந்தபடியே போட, அவள் முன்னே கோலம் நீண்டுகொண்டே போகிறது அல்லவா? அதுபோலத்தான். தலைப்பக்கம் முதலில் முடிகிறது. வால்பக்கம் கடைசி வரை வேலை நடந்துகொண்டிருக்கிறது.

இதன் பொருள் என்னவென்று யோசித்துப் பாருங்கள். உங்கள் 33 மணி ஸ்லைடு ஒரே கணத்தில் நிறுத்தப்பட்ட கரு. ஆனால் அதன் தலை முதிர்ந்தது, வால் இளையது. பின்முனையில் முதற்கோடு இன்னும் இருக்கிறது. அதற்குச் சற்று முன்னால் நரம்புத் தட்டு விரிந்து கிடக்கிறது. இன்னும் முன்னால் அதன் விளிம்புகள் எழுந்து மடிகின்றன. அதற்கும் முன்னால் அவை ஒன்றோடொன்று ஒட்டிக் குழலாகிவிட்டன. தலையில் அந்தக் குழலே உப்பி மூளையின் அறைகளாகப் பிரிந்து, இரு பக்கமும் கண் குமிழ்களைத் தள்ளிவிட்டிருக்கிறது. வாலிலிருந்து தலை நோக்கி ஸ்லைடை மெல்ல நகர்த்தினால், பல மணி நேர நிகழ்ச்சிகளை ஒரு நிமிடத்தில் வரிசையாகப் பார்த்துவிடலாம். படத்தை வரையத் தலையில் தொடங்குவதுதான் வழக்கம். படிக்க வேண்டியதோ வாலிலிருந்து. இதை முதல் வகுப்பிலேயே யாராவது சொல்லிவிட்டால், ஆறு மாதம் மனப்பாடம் செய்யும் துன்பம் குறையும் என்பது என் எண்ணம்.

சோமைட்டுகளை எண்ணிப் பாருங்கள். 33 மணிக் கருவில் பத்து முதல் பதின்மூன்று இணைகள் வரை இருக்கும். ‘பன்னிரண்டு’ என்று பாடநூல் சொல்ல, உங்கள் ஸ்லைடில் பத்தே இருந்தால் ஸ்லைடு தவறன்று. அடைகாப்பானின் வெப்பம், முட்டையின் பருமன், வைத்திருந்த நாட்கள் ஆகியவற்றால் மணிக்கணக்கு முன்பின்னாகும். இதனால்தான் 1951-இல் ஹாம்பர்கர், ஹாமில்டன் என்ற இரு ஆய்வாளர்கள் மணியை ஒதுக்கிவிட்டு, கருவின் தோற்றத்தையே அளவுகோலாகக் கொண்டு கோழியின் வளர்ச்சியை 46 நிலைகளாக வகுத்தார்கள். அந்தப் பட்டியலே உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் வழங்குகிறது. தொடக்க நிலைகள் பலவற்றுக்கு அதில் அடையாளம் சோமைட்டு எண்ணிக்கைதான்.

கோழியில் ஏறத்தாழ 90 நிமிடத்துக்கு ஓர் இணை சோமைட்டு பிரிகிறது. கடிகாரம் வைத்ததுபோல் பிரிகிறது. 1997-இல் அந்தக் கடிகாரமே கண்டுபிடிக்கப்பட்டது. சோமைட்டாகப் பிரியக் காத்திருக்கும் செல்களில் ஒரு ஜீன் 90 நிமிடத்துக்கு ஒருமுறை விழித்து அடங்குவதைப் பிரான்சில் பால்மெய்ரிம், பூர்க்கியே ஆகியோர் கோழிக்கருவிலேயே காட்டினார்கள். பார்த்து எண்ணுவதில் தொடங்கிய ஒரு வேலை ஜீன் வரை போய்ச் சேர்ந்ததற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

கண் காட்டாதது

பார்ப்பதில் சிறந்தவர்கள் பழங்காலம் முதலே இருந்திருக்கிறார்கள். அடைவைத்த முட்டைகளை உடைத்துப் பார்த்த அரிஸ்டாட்டில், மூன்று நாள் கழிந்த கருவில் இரத்தப் புள்ளிபோல் துடிக்கும் இதயத்தைக் குறித்து வைத்தார். (நுண்ணோக்கி இருந்திருந்தால், ஒன்றரை நாளுக்குள்ளாகவே அது துடிக்கத் தொடங்குவதைக் கண்டிருப்பார்.) முதுகுநாணை விளக்கிய வான் பேயர் 1828-இல் வெளியிட்ட நூலில் ஒரு வேடிக்கையான செய்தியை ஒப்புக்கொள்கிறார். சாராயத்தில் போட்டு வைத்த இரண்டு சிறு கருக்களுக்குப் பெயர்ச் சீட்டு ஒட்ட மறந்துவிட்டார். பிறகு பார்த்தால் அவை பல்லியா, பறவையா, பாலூட்டியா என்று அவராலேயே சொல்ல முடியவில்லை! தேர்வில் ஸ்பாட்டர் தெரியாமல் விழிப்பவர்கள் ஆறுதல் கொள்ளலாம்.

அந்த ஒற்றுமையை ஹெக்கல் என்பவர் மிகைப்படுத்திவிட்டார். 1868-இல் அவர் வெளியிட்ட நூலில் நாய், கோழி, ஆமை ஆகிய மூன்றின் கருவுக்கும் ஒரே அச்சுக்கட்டையைப் பயன்படுத்தியிருந்தார். கண்டனம் எழுந்த பின் மாற்றினார். அவருடைய ஒப்புமைப் படங்களின் சாயல் பாடநூல்களில் நெடுங்காலம் தங்கிவிட்டது. வரைபடத்தை நம்புமுன் ஸ்லைடைப் பார்ப்பது நல்லது.

ஆனால் எவ்வளவு நேர்மையாகப் பார்த்தாலும், எந்தச் செல் எதுவாக மாறுகிறது என்பதைத்தான் கண் காட்டும். ஏன் மாறுகிறது என்பதை அது காட்டாது. அந்தச் செல்லின் விதி அதற்குள்ளேயே எழுதப்பட்டிருந்ததா, அல்லது அண்டை வீட்டார் சொல்லித்தான் அது அப்படி ஆயிற்றா? இதை அறிய ஒரே வழி, அதை இடம் மாற்றி வைத்துப் பார்ப்பது.

1888-இல் ஜெர்மானியரான ரூ, தவளையின் இரு செல் கருவில் ஒரு செல்லைச் சுட்ட ஊசியால் குத்திக் கொன்றார். எஞ்சிய செல் அரைக் கருவாக வளர்ந்தது. ஆகவே ஒவ்வொரு செல்லும் தன் பங்கை மட்டுமே அறியும் என்று முடிவு செய்தார். 1891-இல் டிரீஷ் கடல் முள்ளியின் இரு செல் கருவைக் குலுக்கிச் செல்களைத் தனித்தனியே பிரித்தார். அவரும் அரைக் கருவையே எதிர்பார்த்தார். மறுநாள் பார்த்தால் ஒவ்வொரு செல்லும், அளவில் சிறியதாயினும், முழு உருவம் பெற்றிருந்தது! இருவரில் யார் சொன்னது சரி? ரூ கொன்ற செல்லை அகற்றவில்லை; அது ஒட்டியே இருந்தது. 1910-இல் மக்லெண்டன் தவளைக் கருவில் ஒரு செல்லை உறிஞ்சி எடுத்துவிட்டுப் பார்த்தபோது, மற்றது முழுக் கருவாகவே வளர்ந்தது. செத்த அண்டை வீட்டாரும் அண்டை வீட்டார்தான் போலும்.

ஒரு சிறு துண்டு

இப்போது நம் கேள்விக்கு வருவோம். நரம்புக் குழல் நடுக்கோட்டில் மட்டும் தோன்றுவது ஏன்?

ஜெர்மனியில் ஃபிரைபர்க் பல்கலைக்கழகத்தில் ஸ்பீமன் என்ற பேராசிரியர், பச்சிளங்குழந்தையின் மெல்லிய தலைமயிரில் சுருக்கிட்டு நியூட் முட்டையை இரண்டாகக் கட்டிப் பிரிக்கும் அளவுக்குக் கைத்திறன் பெற்றவர். (நியூட் என்பது நீரில் வாழும், பல்லி வடிவிலான இருவாழ்வி.) அவரிடம் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்ய வந்தவர் ஹில்டே மாங்கோல்டு. அவர் கையாண்டது இரண்டு வகை நியூட்டுகளின் கருக்களை. ஒன்றின் செல்கள் வெளிறியவை. மற்றதன் செல்கள் நிறமேறியவை. வெளிறிய கருவில் செல்கள் உள்ளே இறங்கும் துளையின் மேலுதட்டிலிருந்து ஒரு சிறு துண்டை வெட்டி, நிறமுள்ள கருவின் வயிற்றுப்புறத்தில் ஒட்டினார். அந்த இடம் இயல்பாக வயிற்றுத் தோலாக வேண்டியது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் இல்லாத காலம். ஒட்டிய கருக்களில் பெரும்பாலானவை மடிந்தன. பிழைத்த சிலவற்றில் வியப்பு காத்திருந்தது. வயிற்றுப்புறத்தில் முதுகுநாண், நரம்புக் குழல், சோமைட்டுகள் ஆகியவற்றோடு இரண்டாவது உடல் ஒன்று, ஒட்டுப்பிறவிபோல் வளர்ந்திருந்தது!

நிறவேறுபாட்டின் பயன் இங்கேதான் தெரிந்தது. இரண்டாம் உடலின் முதுகுநாண் பெரும்பாலும் வெளிறிய செல்களால் ஆனது. அதாவது ஒட்டிய துண்டே அதைக் கட்டிக்கொண்டது. நரம்புக் குழலோ பெரும்பாலும் நிறமுள்ள செல்களால் ஆனது. வயிற்றுத் தோலாகப் போகவிருந்த செல்களை அந்தச் சிறு துண்டு நரம்பு மண்டலமாக மாற்றிவிட்டது. அதற்கு ‘அமைப்பான்’ என்று பெயரிட்டார்கள். கட்டுரை 1924-இல் வெளிவந்தது. அதே ஆண்டு செப்டம்பரில், சமையலறையில் ஏற்பட்ட தீ விபத்தில் ஹில்டே மாங்கோல்டு இறந்தார். வயது 26 நிறையவில்லை. அமைப்பான் கண்டுபிடிப்புக்காக 1935-இல் நோபல் பரிசு ஸ்பீமனுக்கு வழங்கப்பட்டது. அந்தக் கண்டுபிடிப்பைப் படிக்கும் மாணவர்கள் இரு பெயர்களையும் சேர்த்தே எழுதுவது முறை.

கோழியில் இந்த வேலையைச் செய்வது எது? நினைவில் வைக்கச் சொன்ன ஹென்சன் கணுதான். 1930-களில் வாடிங்டன் பறவைக் கருக்களில் இதைக் காட்டினார். உங்கள் 33 மணி ஸ்லைடின் பின்பக்கத்தில், முதற்கோட்டின் நுனியில், கவனிக்கப்படாமல் கிடக்கும் அந்தச் சிறு பகுதியே முன்னாலுள்ள அத்தனை ஒழுங்குக்கும் காரணம். பல மாணவர்களின் படங்களில் அதற்குப் பெயரே குறித்திருக்காது.

அமைப்பான் செல்களிடம் என்ன ‘சொல்கிறது’ என்று அறிய அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. கொன்ற திசுவும் நரம்பைத் தூண்டியது; தொடர்பே இல்லாத பல பொருள்களும் தூண்டின. ஆய்வாளர்கள் சலித்து வேறு துறைகளுக்குப் போனார்கள். 1992-இல் ‘நாகின்’, 1994-இல் ‘கார்டின்’ என்ற புரதங்கள் தவளைக் கருவின் அமைப்பானில் கண்டறியப்பட்டன. இவை எதையும் கட்டளையிடுவதில்லை, தடுக்கின்றன. பக்கத்துச் செல்களுக்கு ‘தோலாகு’ என்று சொல்லும் ‘பி.எம்.பி.’ என்ற புரதத்தைப் பிடித்துக்கொள்வதே இவற்றின் வேலை. அந்தச் செய்தி எட்டாத புறப்படைச் செல் நரம்பாகிறது. எல்லோரும் ‘மூளையாகு’ என்ற கட்டளையைத் தேடிக்கொண்டிருந்தபோது, உண்மையில் இருந்தது ‘தோலாகு’ என்ற கட்டளையும் அதை அடக்கும் கையும். வெறும் பொருள்கள் பல நரம்பைத் தூண்டியதன் மர்மத்துக்கும் இது ஓரளவு விளக்கம் தருகிறது.

முன்முனையில் ஓர் இடைவெளி

இனி ஸ்லைடின் தலைப்பக்கத்துக்கு வாருங்கள். முன்மூளையின் நுனியில் நரம்புக் குழல் முழுதும் மூடாமல் ஒரு சிறு வாய் தெரியக்கூடும். முன் நரம்புத் துளை என்று அதைக் குறிப்பீர்கள். பின்னாலும் குழல் திறந்தே இருக்கிறது. கோழியில் இவை அடுத்த சில மணிகளில் மூடும்.

மனிதக் கருவிலும் இதே நிகழ்ச்சி உண்டு. கருவுற்ற 22 ஆம் நாளை ஒட்டிக் குழல் மூடத் தொடங்கி, 28 ஆம் நாளுக்குள் இரு துளைகளும் அடைபட்டுவிட வேண்டும். முன்துளை மூடாவிட்டால் மூளையும் மண்டையோடும் உருவாகாத குழந்தை, அது பிழைப்பதில்லை. பின்பகுதி மூடாவிட்டால் முதுகெலும்பு பிளவுபட்ட குழந்தை. பலருக்குக் கால்கள் செயலற்றுப் போகின்றன. 28 ஆம் நாள் என்றால் மாதவிலக்கு தள்ளிப்போய் இரண்டு வாரம். தாய்க்குச் சந்தேகம் தோன்றி, மருத்துவரிடம் போய், உறுதி செய்வதற்குள் குழல் மூடியோ மூடாமலோ முடிந்துவிட்டிருக்கும்.

1991-இல் பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வு மன்றம் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டது. ஏழு நாடுகளில் 33 மையங்கள். முன்பு இக்குறையுள்ள கருவைச் சுமந்த 1,817 பெண்கள். கருத்தரிக்கும் முன்பிருந்தே நாளொன்றுக்கு 4 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் பெற்றவர்களிடையே இக்குறை 72 விழுக்காடு குறைந்திருந்தது. கீரையிலும் பருப்பிலும் இயற்கையாக உள்ள ஒரு வைட்டமினின் வேலை இது. மற்றப் பெண்களுக்கு நாளொன்றுக்கு 0.4 மில்லிகிராம் மாத்திரையே பரிந்துரைக்கப்படுகிறது. அதையும் கருத்தரிக்கும் முன்பே தொடங்க வேண்டும் என்று மருத்துவர்கள் வற்புறுத்துவது ஏன் என்று உங்கள் வீட்டில் யாராவது கேட்டால், அந்த 28 நாள் கணக்கைச் சொல்லுங்கள்.

அடுத்த வகுப்பில் பெட்டி திறக்கும்போது 24 மணி, 33 மணி, 48 மணி ஆகிய மூன்று ஸ்லைடுகளையும் சேர்த்துக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மூன்றிலும் அந்த முன்முனையை மட்டும் ஒன்றன்பின் ஒன்றாகப் பாருங்கள். முதலாவதில் விளிம்புகள் மடிப்பாக எழுந்து நிற்கும். இரண்டாவதில் நெருங்கி ஒட்டும். மூன்றாவதில் அங்கே ஒரு வாய் இருந்த சுவடே தெரியாது. படம் வரைவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.